அப்படி ஒருத்தி இங்கே இல்லை

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணா,

நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். கவரில் புது விலாசத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றிருப்பாய். முதலில் உட்கார். அண்ணியைத் தண்ணீர் கொண்டுவரச் சொல். பிறகு படி.

நான் தையல் ஆலையை விட்டு வந்துவிட்டேன். ஒப்பந்தம் போன மாதமே முடிந்துவிட்டது. "ஊருக்குப் போகணும், பாஸ்போர்ட் குடுங்க" என்று மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம், அப்புறம் பார்க்கலாமாம். எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவர் அறையில் இரும்புப் பீரோவில்தான் இருக்கின்றன. நீ இங்கே இருந்தால் ஒரு ஹேர்பின்னில் அதைத் திறந்திருப்பாய். திறந்துவிட்டு அங்கேயே மயங்கி விழுந்திருப்பாய், அது வேறு விஷயம்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மறுநாள் துணிப் பொதி ஏற்றும் வாசல் வழியாக, தலையில் ஒரு பொதியோடு நடந்து வெளியே வந்தேன். யாரும் தடுக்கவில்லை. தெருமுனை திரும்பியதும் பொதியை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன் அண்ணா. என் குட்டியின் அப்பா இறந்த அன்றுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

இப்போது நம் பாஷை பேசுகிற ஓர் அக்காவோடு இருக்கிறேன். ஓட்டல் துணி துவைக்கிற லாண்டரியில் வேலை செய்கிறார். மாடியில் அவருக்கு ஓர் அறை. நான் இங்கே தங்கியிருப்பது முதலாளிக்குத் தெரியாது. போன் செய்துவிடாதே, லாண்டரி போனை முதலாளிதான் எடுப்பார். அக்கா பெயருக்கே கடிதம் போடு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நான் ஓடிப்போய்விட்டேன் என்று மேனேஜர் புகார் கொடுத்துவிட்டாராம். விசாவும் முடிந்துவிட்டது. என்னை அனுப்பிய ஏஜெண்ட் அங்கே உன்னைத் தேடி வருவான். நான் எங்கே என்று உன் வாயிலிருந்து பிடுங்கப் பார்ப்பான். அவனே வரலாம், ஆளை அனுப்பலாம். அதிகாரி மாதிரி வருவான், சொந்தக்காரன் மாதிரி வருவான். யார் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் "அப்படி ஒருத்தி இங்க இல்ல" என்று சொல்லிவிடு. நீ பொய் சொன்னால் உன் கை தானாகக் காதைத் தடவப் போகும். கையை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொள்.

குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நான் பயப்படுகிறேன் என்று அவளிடம் சொல்லாதே. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

உன் தங்கை,
வாலு

—

ஏப்ரல் 16

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. உட்கார்ந்துதான் படித்தேன். தண்ணீர் கொண்டுவந்த உன் அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், அந்தத் தண்ணீரை அவளே குடித்தாள்.

நீ சொன்னதற்கு மேலேயே செய்திருக்கிறேன். கூடத்தில் மாட்டியிருந்த உன் படத்தை இறக்கிவிட்டேன். சுவரில் வெள்ளைச் சதுரம் தெரிந்தது. அதைப் பார்த்தால் எவனாவது கேட்பானே என்று அங்கே ஒரு காலண்டரை மாட்டினேன். போன் எண் ஏஜெண்டிடம் இருக்கிறது அல்லவா, அதனால் சிம்மை எடுத்து அரத்தால் தேய்த்துத் தூளாக்கிவிட்டேன். உன் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் என் மேசை இழுப்பறையில் இருந்தது. யாராவது வீட்டைச் சோதித்தால் அகப்பட்டுக்கொள்வோமே என்று அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஊருக்கெல்லாம் பூட்டுத் திறந்து கொடுக்கிறவன் வீட்டுக் கதவுக்கு இப்போது மூன்று தாழ்ப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீ சிரிப்பாய். சிரி. எனக்குக் கவலையில்லை.

ஏஜெண்ட் வந்தான். சாவி போட வந்தவன் மாதிரி கடை வாசலில் நின்று, "உங்க தங்கச்சி லெட்டர் கிட்டர் போட்டுச்சா?" என்றான். என் கை ஏப்ரனுக்குள்தான் இருந்தது. "எந்தத் தங்கச்சி? அப்படி ஒருத்தி இங்க இல்ல. அவளுக்கும் எங்களுக்கும் பேச்சு வார்த்தையே கிடையாது" என்றேன். முறைத்துவிட்டுப் போனான். அவன் தெருவைத் தாண்டிய பிறகு பார்த்தால், பைக்குள் ஓர் அரத்தை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை கிழிந்திருந்தது.

குட்டியைத்தான் பழக்க வேண்டியிருந்தது. கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிக் கொடுத்தேன். யார் கேட்டாலும் அத்தையைக் காட்டி "இவங்கதான் எங்க அம்மா" என்று சொல்ல வேண்டும். நானே கேட்டாலும், நானே மாற்றிச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் தப்பவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்கிறாள். முதல் முறை அவள் "அம்மா" என்று விரலை நீட்டியபோது உன் அண்ணி சமையலறைக்குள் போய்விட்டாள். எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே. நான் பின்னால் போகவில்லை.

எதற்கும் வெளியே போகாதே. ஜன்னல் பக்கம் நிற்காதே. சாப்பிடு.

உன் அண்ணன்

—

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணா,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் இதை அவசரமாக எழுதுகிறேன். நல்ல செய்தி!

விசா முடிந்தவர்களுக்கு இந்த நாட்டில் பொதுமன்னிப்பு அறிவித்திருக்கிறார்கள். மே மாதக் கடைசிக்குள் புறப்பட்டுவிட்டால் சிறையும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு பிடிபட்டால் எத்தனை மாதம் உள்ளே வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு நம் தூதரகமே ஊர் போய்ச் சேர ஒரு தாள் கொடுக்கும். அவுட்பாஸ் என்கிறார்கள்.

லாண்டரி அக்கா என்னைத் தூதரகத்துக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒவ்வொரு போலீஸ் வண்டிக்கும் நான் ஒரு கடைக்குள் நுழைந்தேன். "இப்படியே போனா சாயங்காலத்துக்குள்ள எல்லாக் கடையிலயும் விலை கேட்டு முடிச்சிருவோம் தங்கச்சி" என்றார் அக்கா. தூதரகச் சுவரை ஒட்டி அவ்வளவு நீள வரிசை. டிரைவர்கள், சமையல்காரர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள். நம் நாட்டு வாசலில் நின்றுகொண்டே நமக்கு இந்தப் பயம் அண்ணா.

கவுண்டரில் இருந்தவர் நல்ல மாதிரி. பெயர், விலாசம், உன் போன் எண் எல்லாம் எழுதிக்கொண்டார். உடம்பில் அடையாளம் ஏதாவது உண்டா என்றார். இடது கட்டைவிரலைக் காட்டினேன். புறப்படும் முந்தின நாள் குட்டிக்குக் கவுன் தைத்தபோது மெஷின் ஊசி ஏறியதே, அந்தத் தழும்பு. குட்டிதான் ஊதி ஊதி விட்டாள்.

பாஸ்போர்ட் நகல்கூட என்னிடம் இல்லாததால், நான் நம் நாட்டுக்காரிதான் என்று ஊரில் விசாரித்து உறுதி செய்த பிறகுதான் தாள் கொடுப்பார்களாம். முதலில் போன் செய்வார்கள். பிறகு ஸ்டேஷனிலிருந்து ஓர் ஆள் வீட்டுக்கு வருவார். சாதாரண உடையில் வருவார், அட்டை காட்டுவார். இந்த முறை பொய் வேண்டாம் அண்ணா. ஆமாம், என் தங்கச்சிதான் என்று சொல். இழுப்பறையில் இருக்கும் ஜெராக்ஸை எடுத்துக் கொடு. கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டு. குட்டியைக் காட்டு. அவளைப் பார்த்தாலே போதும், என் மூக்கை உரித்து வைத்திருக்கிறாளே.

சீக்கிரம் வந்துவிடுவேன்.

உன் வாலு

—

ஏப்ரல் 27

அன்புத் தங்கைக்கு,

நீ பெருமைப்படுகிற மாதிரி ஒரு செய்தி. உன் அண்ணனைப் பயந்தாங்கொள்ளி என்று இனிமேல் சொல்லாதே.

முதல் முறை தானே வந்த ஏஜெண்ட் இரண்டாவது முறை ஆள் அனுப்பினான். இந்தத் தடவை பலே கெட்டிக்கார ஆள். தோல் பை, பாலிஷ் போட்ட ஷூ, கழுத்தில் கர்ச்சீப். "போன் பண்ணோம், உங்க நம்பர் போகல" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். சிம் தூளாகிவிட்டதே! பிறகு போட்டோ ஒட்டிய ஓர் அட்டையை நீட்டினார். அதிகாரி மாதிரி வருவான் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா. ஏஜெண்ட் போலி அட்டைகூட அடித்துக் கொடுத்திருக்கிறான் பார்.

உன் பெயரை முழுதாகச் சொல்லி, "இந்தப் பொண்ணு உங்க தங்கச்சிதானே?" என்றார்.

"அப்படி ஒருத்தி இங்க இல்லங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

"யோசிக்க என்ன இருக்கு? எங்க வீட்டுல நான், என் வீட்டுக்காரி, எங்க பொண்ணு. அவ்வளவுதான்."

அண்ணியும் உள்ளேயிருந்து வந்து ஆமாம் என்றாள். அவர் கூடத்துச் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். காலண்டர்தான் இருந்தது. குட்டியைக் கூப்பிட்டு, "உங்க அம்மா எங்கடா கண்ணு?" என்றார். அவள் துளியும் தயங்காமல் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டு, "இவங்கதான் எங்க அம்மா" என்றாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். நான் காதைத் தொடவே இல்லை. போகும்போது, "நீங்க சொல்றது உண்மையா இருந்தா அந்தப் பொண்ணு பாவம்" என்றார். என்ன நடிப்பு! அப்போதுதான் எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. ஏஜெண்ட் ஆள் எதற்குப் பாவம் என்கிறான்? ஆனால் அவர் போய்விட்டார்.

நீ பத்திரமாக இரு. நான் இங்கே இருக்கும்வரை

வாலு, உன் பதினெட்டாம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. மேலே இருப்பதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனார். படித்துவிட்டேன். ஐயோ. நான் என்ன காரியம் செய்துவிட்டேன். அந்த மனிதர் நிஜம். அந்த அட்டை நிஜம். ஜெராக்ஸும் இல்லை, படத்தையும் இறக்கிவிட்டேன். உன்னை உன் வீட்டு வாசலிலிருந்தே துரத்திவிட்டேன். என் கையாலேயே கையெழுத்துப் போட்டுத் துரத்தினேன். ஸ்டேஷனுக்குப் போகலாமா? போனால் பொய் சொன்னதற்கு என்னை உள்ளே போட்டுவிட்டால் குட்டிக்கு யார்? போகாவிட்டால் உனக்கு யார்? செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். என்ன செய்யட்டும், சொல். சொன்னால் செய்கிறேன்.

அண்ணன்

—

மே 9

அண்ணா,

தூதரகத்தில் போன வாரமே சொல்லிவிட்டார்கள். கவுண்டர்க்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "அந்த விலாசத்துல அப்படி ஒருத்தி இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கும்மா" என்றார். என் வாக்கியம். நான் உனக்குச் சொல்லிக் கொடுத்த அதே வாக்கியம், இத்தனை தூரம் பயணம் செய்து என்னிடமே வந்து நிற்கிறது. "அது எங்க அண்ணன் சார், எனக்காகத்தான் பொய் சொல்லியிருக்கும்" என்றேன். "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்றார். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். வெளியே வந்துவிட்டேன்.

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. முதல் பாதியைப் படித்துக் கத்தினேன், இரண்டாம் பாதியைப் படித்து அழுதேன். கோபம் வந்தது. வராதா? ஆனால் யார்மேல் கோபப்படுவது? குட்டி என்ன செய்வாள், சொன்னதைச் செய்தாள். நீயும் சொன்னதைத்தான் செய்தாய்.

இப்போது நான் எந்த நாட்டுக்காரியும் இல்லை அண்ணா. இங்கே இருக்கக் கூடாதென்று இவர்கள் சொல்கிறார்கள், என்னைத் தெரியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். போன செவ்வாய் லாண்டரிக்குச் சோதனைக்காரர்கள் வந்தார்கள். தாள் இல்லாதவர்களைத் தேடிக் கடை கடையாக ஏறுகிறார்கள். அக்கா என்னை அழுக்குப் படுக்கை விரிப்பு போடுகிற தள்ளுவண்டிக்குள் உட்கார வைத்து, மேலே விரிப்புகளைக் கொட்டினார். எவன் எவனோ படுத்துப் புரண்ட வாடை. வண்டிக்குப் பக்கத்தில் ஒருவன் பூட்ஸோடு வந்து நின்றான். நான் கட்டைவிரலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. அக்கா அவனிடம், "அது ஆஸ்பத்திரித் துணி, தொட்டா ஒட்டிக்கும்" என்றார். அவன் பூட்ஸ் விலகிப் போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

என்ன செய்யட்டும் என்று கேட்டாயே, சொல்கிறேன். ஸ்டேஷனுக்குப் போ. அந்த அதிகாரியைத் தேடிப்போய், நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடு. நீ அந்தத் தெருவில் நடக்கவே பயப்படுவாய் என்று எனக்குத் தெரியாதா? பால் வாங்கக்கூடச் சுற்றுவழியாகத்தானே போவாய். ஆனாலும் போ. மே முடியப் போகிறது. இதுவரை என் தைரியத்தில்தான் நீ பிழைத்தாய், சும்மா சொல்லவில்லை. இப்போது என்னிடம் ஒரு சொட்டுக்கூடத் தைரியம் இல்லை. உன்னிடம் எங்காவது இருந்தால் எடுத்து வை.

வாலு

—

மே 19

என் அன்புத் தங்கைக்கு,

போனேன்.

உன் கடிதம் வந்த அன்றே போனேன். அண்ணி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம், இரண்டு பேரையும் பிடித்து வைத்துக்கொண்டால் குட்டிக்கு யார் சோறு போடுவது என்று விட்டுவிட்டுப் போனேன். ஸ்டேஷன் வாசற்கதவில் தொங்குகிற பூட்டு நான் போன வருஷம் ரிப்பேர் செய்து கொடுத்தது. ஆள் வந்துதான் எடுத்துப் போனான், நான் நேரில் போகவில்லை. அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றேன். ஒரு கான்ஸ்டபிள், "யோவ், என்ன வேணும்?" என்றார். "நான் ஒரு பொய் சொல்லிட்டேங்க" என்றேன். "அதுக்கெல்லாம் இங்க வந்தா நாங்க எங்க போறது?" என்று சிரித்தார்.

தோல் பை அதிகாரி உள்ளே இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பொய் சொன்னது அன்னைக்கா, இன்னைக்கா?"

"அன்னைக்குங்க."

"அன்னைக்கும் இதே முகத்தோடதான் சொன்னீங்க. கையெழுத்தும் போட்டீங்க. இப்ப யாராவது காசு குடுத்து எவளையோ தங்கச்சின்னு சொல்லச் சொன்னாங்களா?"

ஏஜெண்ட் வந்தது, நீ எழுதியது, சிம்மைத் தேய்த்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். உன் பள்ளிச் சான்றிதழைக் காட்டினேன், இறக்கி வைத்த படத்தைத் துணி சுற்றிக் கொண்டு போயிருந்தேன். "படம் யாருடையதா வேணாலும் இருக்கலாம். பொய் வாக்குமூலம் குடுத்ததுக்கு உங்கமேல கேஸ் போடலாம், தெரியுமில்ல?" என்றார். "போடுங்க சார். அவளை வரவச்சுட்டு அப்புறம் போடுங்க" என்றேன். அதைச் சொன்னது நானா என்று இன்னும் எனக்கே சந்தேகம். என் கை இரண்டும் வெளியேதான் இருந்தன.

அவர் மேசைமேல் இருந்த தோல் பையை எடுத்தார். பிறகு எழுந்தார். "பாப்பாவை மறுபடி விசாரிக்கிறேன். சின்னப் பிள்ளை பொய் சொல்லாது" என்றார். அவருக்கு எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தெரியாது.

வீட்டுக்கு வந்தார். குட்டி அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து, "கண்ணு, உங்க அம்மா யாரு?" என்றார். "இவங்கதான்." நான், "குட்டி, இப்ப நிஜத்தைச் சொல்லலாம்டா, மாமா சொல்றேன்ல" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நானே மாற்றிச் சொன்னாலும் இதையேதான் சொல்ல வேண்டும் என்று பழக்கியவன் நான்தானே. "இவங்கதான் எங்க அம்மா. வேற யாரும் இல்ல." அண்ணி அவள் காலடியில் உட்கார்ந்து, "நான் அத்தைடி தங்கம், சொல்லுடி" என்று அழுதாள். குட்டிக்கும் கண்ணீர் வந்தது. வாய் மட்டும் மாறவில்லை.

அதிகாரி பையை மூடினார். "நான் என்னங்க பண்றது? பிள்ளையே இல்லைங்குது. இல்லைன்னு எழுதினா அந்தப் பொண்ணு அங்கயே கிடக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். மூன்று தாழ்ப்பாள் போட்ட கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது குட்டி ஓடினாள். செருப்பில்லாமல் தெருவில் ஓடி அவர் பையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்ததும் காதில் ஏதோ சொன்னாள். அவர் அங்கேயே, சைக்கிள்கள் போகிற வழியில், முழங்கால் போட்டு உட்கார்ந்து மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். பிறகு தன் இடது கட்டைவிரலைக் காட்டினாள்.

அவர் திரும்பி வந்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது. அவள் சொன்னது இதுதானாம்: "உங்ககிட்ட மட்டும் சொல்றேன், ஏஜெண்ட்கிட்ட சொல்லிடாதீங்க. எங்க அம்மா தூரத்துல துணி தைக்கிறாங்க. என் கவுன் தைக்கும்போது இந்த விரல்ல ஊசி குத்திடுச்சு. நான்தான் ஊதி விட்டேன்." தூதரகத்திலிருந்து வந்த தாளை எடுத்து என்னிடம் காட்டினார். அடையாளம் என்ற இடத்தில் இடது கட்டைவிரல் தழும்பு என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, நீ கடிதத்தில் எழுதியிருந்தும் இருந்த பதற்றத்தில் எனக்குத் தழும்பு நினைவுக்கே வரவில்லை. "இதை யாரும் சொல்லிக் குடுத்திருக்க முடியாது" என்றார்.

அன்று சாயங்காலமே ரிப்போர்ட் அனுப்பிவிட்டார். என்மேல் கேஸ் எதுவும் போடவில்லை. "இனிமே பொய் சொல்றதா இருந்தா ஆளைப் பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உடனே தூதரகத்துக்குப் போ. வழியில் கடை கடையாக நுழைந்து நேரத்தை வீணாக்காதே.

உன் அண்ணன்

—

மே 29

அன்புள்ள அண்ணா,

அவுட்பாஸ் கையில் இருக்கிறது. ஒரே ஒரு தாள். என் போட்டோ, என் பெயர், ஒரு முத்திரை. இதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். லாண்டரியில் வேலை செய்கிறவர் அறை அல்லவா, தெரியாமல் துணியோடு சேர்த்து ஊறப் போட்டுவிடுவாரோ என்று அக்காவைக்கூட நம்பவில்லை. "உன் தாளை நான் துவைச்சுக் காயப்போட மாட்டேன்டி" என்று திட்டுகிறார்.

நாளை விமானம். இன்னும் பயம் போகவில்லை அண்ணா. புறப்படுகிற இடத்தில் கவுண்டரில் பெயரைத் தட்டிப் பார்ப்பார்களாம். ஓடிப்போனதாகப் புகார் உள்ளவர்களைத் தனி வரிசையில் நிறுத்துகிறார்களாம். மன்னிப்பு உண்டு, விட்டுவிடுவார்கள் என்றுதான் தூதரகத்தில் சொன்னார்கள். ஆனால் முந்தாநாள் போன சமையல்காரப் பெண் ஒருத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். அவளுடைய மேனேஜர் வேறு ஏதோ புகாரும் சேர்த்துக் கொடுத்திருந்தாராம். என் மேனேஜர் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று ஒரு பொதித் துணியை வேறு தூக்கி வந்தேனே. தெருமுனையில்தான் வைத்தேன், ஆனால் யார் நம்புவார்கள்?

அதனால் இந்தக் கடிதம். கவரில் என் பெயரையே எழுதுகிறேன், உன் விலாசத்தோடு. அக்கா நாளை இதைப் பதிவுத் தபாலில் போடுவார். கவரின் பின்பக்கத்திலும் எழுதி வைக்கிறேன்: நான் முன்னால் வந்து சேர்ந்திருந்தால் இதைப் பிரிக்காதே, என் கையில் கொடு. நான் வராமல் இது மட்டும் வந்தால் நீயே பிரித்துக்கொள். அப்படியானால் குட்டிக்குச் சொல்: அவள் சரியாகத்தான் சொன்னாள், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் காதில் சொன்னதால்தான் அம்மாவை விமான நிலையம் வரைக்கும் கொண்டுவர முடிந்தது என்று சொல். அண்ணியை அம்மா என்றே கூப்பிடட்டும். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அண்ணிக்கு என் நன்றி என்று ஒரு வார்த்தையில் எழுதினால் அது போதாது. நீ அவள் பின்னால் சமையலறைக்குப் போயிருக்கலாம் அண்ணா.

ஸ்டேஷனுக்குப் போனாயே. நான் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நேரில் வந்தால் மறுபடி கூப்பிடுவேன்.

உன் வாலு

—

ஜூன் 12

மரியாதைக்குரிய லாண்டரி அக்காவுக்கு,

நான் வாலுவின் அண்ணன். உங்களை நேரில் பார்த்ததில்லை. இந்த ஜென்மத்தில் பார்ப்பேனோ, தெரியாது. என் தங்கையை அழுக்குத் துணிக்குள் ஒளித்துக் காப்பாற்றிய உங்கள் கையை என் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். தூரம் தடுக்கிறது.

அவள் வந்து சேர்ந்துவிட்டாள். தனி வரிசையில் நிறுத்தினார்களாம், கைரேகை எடுத்தார்களாம், ஒருவன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனானாம். அவன் திரும்பி வரும்வரை தான் மூச்சு விட்டதாகவே ஞாபகமில்லை என்கிறாள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் முத்திரை குத்தித் தள்ளினானாம். வந்ததிலிருந்து தூங்குகிறாள். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து கட்டிலுக்குப் பின்னால் போய்விடுகிறாள். போகப் போகச் சரியாகும் என்று உன் அண்ணி, மன்னிக்கவும், என் மனைவி சொல்கிறாள். இரண்டு தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். குட்டி இரண்டு பேரையும் அம்மா என்கிறாள். கூப்பிட்டால் இரண்டு பேரும் ஓடுகிறார்கள்.

நீங்கள் போட்ட கடிதம் இன்று காலை வந்தது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தபால்காரர் புது ஆள். கடை வாசலில் நின்று, கவரைப் பார்த்து அவள் பெயரைச் சத்தமாகப் படித்து, "இந்தப் பேருல இங்க யாராவது இருக்காங்களா?" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் அக்கா. கையில் இருந்த சாவி கீழே விழுந்தது. என் மனைவி உள்ளே அப்படியே நின்றுவிட்டாள். "அப்படி ஒரு..." என்று என் வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது, கை காதுக்குப் போய்விட்டது. அதற்குள் குட்டி எங்கிருந்தோ ஓடி வந்து, என் காலுக்கு இடையில் புகுந்து படியில் நின்றாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"இருக்காங்க! எங்க அம்மா. உள்ள தூங்குறாங்க. நீங்க சத்தம் போடாதீங்க!"

இவள் போட்ட சத்தத்திலேயே வாலு எழுந்து வந்துவிட்டாள். பதிவுத் தபால், உரியவர் வீட்டில் இருந்தால் அவரே கையெழுத்துப் போட வேண்டும் என்றார் தபால்காரர். அவள் போட்டாள். கவர் இன்னும் பிரிக்கப்படாமல் கூடத்தில் அவள் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, பழைய பயம் என்றாள்.

அங்கே வாலுவைப் போல இன்னும் யாராவது ஒளிந்திருந்தால், அவர்கள் வீட்டுக்கு என் பெயரில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். யார் வந்து கேட்டாலும், இருக்கிறாள் என்றே சொல்லச் சொல்லுங்கள்.

என்றும் நன்றியுள்ள,
வாலுவின் அண்ணன்